இணையக் கடையின் லாபத்தைத் தீர்மானிப்பது திரும்பி வரும் பார்சல்களே

புதுதில்லி: இந்தியாவில் இணையக் கடை ஒன்றைத் தொடங்க இன்று பெரும் முதலீடு தேவையில்லை. கைப்பேசி, வங்கிக் கணக்கு, விற்பதற்குச் சரக்கு ஆகிய மூன்றும் இருந்தால் சில நாட்களில் கடை தயாராகிவிடும். ஆனால் ஓராண்டு கழித்தும் அக்கடை லாபத்தில் நடக்குமா என்பதை வரும் ஆர்டர்களின் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை. அனுப்பிய பார்சல்களில் எத்தனை திரும்பி வருகின்றன என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. குறிப்பாக ஆடை, காலணி, வீட்டு அலங்காரப் பொருட்கள் போன்றவற்றைக் குறைந்த விலையில் விற்கும் சிறு வணிகர்கள் தங்கள் சேமிப்பை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பழக்கம் உருவான விதம்

பெங்களூருவில் 2007-ஆம் ஆண்டு புத்தக விற்பனையுடன் தொடங்கிய ஃபிளிப்கார்ட் நிறுவனம், 2010-இல் ‘கேஷ் ஆன் டெலிவரி’ முறையை அறிமுகப்படுத்தியது. கடன் அட்டை வைத்திருந்தோர் மிகக் குறைவாக இருந்த காலம் அது. பொருள் கைக்கு வந்த பின் பணம் கொடுத்தால் போதும் என்ற உறுதியே கோடிக்கணக்கானோரை இணைய வணிகத்துக்குள் அழைத்து வந்தது. அமேசான் 2013-இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, இம்முறை வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பாகவே மாறியிருந்தது.

பின்னர் 2016-இல் யுபிஐ வந்தது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் அதன் மாதாந்திரப் பரிவர்த்தனைகள் 1,000 கோடியைத் தாண்டின. பணம் செலுத்தும் வசதி இல்லை என்ற காரணம் அத்துடன் பெரிதும் மறைந்திருக்க வேண்டும். ஆயினும் கேஷ் ஆன் டெலிவரி மறையவில்லை. தேநீர்க் கடையிலும் காய்கறி வண்டியிலும் யுபிஐ வழியாகத் தயங்காமல் பணம் செலுத்துபவர், பெயர் தெரியாத இணையக் கடை என்றால் பொருளைப் பார்த்த பிறகே பணம் என்கிறார். வசதிக் குறைவு இதற்குக் காரணமல்ல. கடையின் மீது நம்பிக்கை இல்லாததே காரணம். அந்த அவநம்பிக்கைக்கான விலையை இறுதியில் விற்பவரே கொடுக்கிறார்.

ஓர் உதாரணக் கணக்கு

ஒரு குர்தாவை 600 ரூபாய்க்கு விற்கும் சிறு வணிகர் ஒருவரின் கணக்கை உதாரணமாகக் கொள்ளலாம். வரியைத் தவிர்த்து, கொள்முதல் விலை 330 ரூபாய், பேக்கிங் 15, கூரியர் கட்டணம் 70, ஒரு ஆர்டரைப் பெறுவதற்கான விளம்பரச் செலவு 60 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விற்பனையிலும் 125 ரூபாய் மிஞ்சும். நூறு ஆர்டர்களும் வாடிக்கையாளரிடம் சேர்ந்துவிட்டால் லாபம் 12,500 ரூபாய்.

அவற்றில் 25 பார்சல்கள் திரும்பி வந்தால் நிலைமை வேறு. பொருள் சேதமின்றி வந்தாலும், போன கூரியர் கட்டணமும் பேக்கிங் செலவும் விளம்பரச் செலவும் திரும்புவதில்லை. திரும்பும் பயணத்துக்குப் பார்சல் ஒன்றுக்கு 60 ரூபாய் என்று கொண்டால், மொத்த லாபம் 4,250 ரூபாயாகச் சுருங்கிவிடும். அதாவது கால் பங்கு பார்சல்கள் திரும்பினால் லாபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. திரும்புபவை 35 ஆனால் மிஞ்சுவது 950 ரூபாய். அவற்றில் மூன்று உடைகள் மறுபடி விற்க முடியாதபடி கறைபட்டிருந்தாலே நஷ்டம் தொடங்கிவிடும்.

விற்பனை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மூன்று நிலைகளிலும் ஆர்டர்கள் நூறுதான். விளம்பரத்துக்கு மேலும் செலவிட்டு ஆர்டர்களை இரட்டிப்பாக்கினால், நஷ்டமும் இரட்டிப்பாகும். தவிர, கேஷ் ஆன் டெலிவரியில் வசூலான பணம் கூரியர் நிறுவனத்திடமிருந்து சில நாட்கள் கழித்தே வந்து சேரும். திரும்பும் சரக்கும் அதுவரை வழியில் முடங்கிக் கிடக்கும். குறைந்த முதலுடன் தொடங்கியவர் அடுத்த கொள்முதலுக்குக் கடன் வாங்க நேர்வது இதனால்தான்.

இரு வகைத் திரும்புதல்

திரும்பும் பார்சல்களில் இரு வகை உண்டு. வாடிக்கையாளர் வாசலிலேயே வாங்க மறுப்பது அல்லது வீட்டில் இல்லாமல் போவது முதல் வகை. பொருளைப் பெற்ற பின் அளவோ நிறமோ பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவது இரண்டாம் வகை. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

முதல் வகைக்குத் தாமதமும் முகவரிக் குழப்பமும் முக்கியக் காரணங்கள். ஆர்டர் செய்த அன்று இருந்த ஆர்வம் எட்டாவது நாளில் இருப்பதில்லை. “கோயிலுக்கு எதிர்த் தெரு” என்பது போன்ற அடையாளத்தை நம்பியே பல முகவரிகள் உள்ளன. 1972-இல் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தைக் காட்டுமே தவிர, வீட்டைக் காட்டாது. இக்குறையைப் போக்க அஞ்சல் துறை 2025-இல் ‘டிஜிபின்’ என்ற பத்து எழுத்து இருப்பிடக் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தால் சிறு விற்பனையாளருக்கு நேரடிப் பலன் கிடைக்கும்.

இரண்டாம் வகை பெரும்பாலும் விற்பவரின் கையில் உள்ளது. ஆடையின் அளவை வெறும் எழுத்துக் குறியீடாகத் தராமல் அங்குலக் கணக்கில் தருவது, இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படங்களை வெளியிடுவது, துணியின் தன்மையை மறைக்காமல் சொல்வது ஆகியவை செலவில்லாத தீர்வுகள்.

விதிகள் சொல்வது

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பரப்படுத்தியபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்பு உத்திகளைத் தடை செய்தன. முதலில் காட்டாத கட்டணத்தைக் கடைசிக் கட்டத்தில் சேர்ப்பதும் அவற்றுள் ஒன்று. எனவே கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் வசூலிப்பவர் அதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் காட்டுவதே பாதுகாப்பானது.

வரி விதிகளில் சிறு வணிகருக்குச் சில சலுகைகள் கிடைத்துள்ளன. முன்பு இணையத் தளங்கள் வழியே பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியிருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் 40 லட்சம் ரூபாயாக உள்ள விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர்கள், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் பதிவின்றியே தளங்களில் விற்கலாம் என்ற விலக்கு 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தளங்கள் பிடித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி தொகை 2024 ஜூலையில் 1 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. வருமான வரிப் பிடித்தம் அதே ஆண்டு அக்டோபரில் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது. ஒரு சதவீதம் சிறியதாகத் தோன்றினாலும், மெல்லிய லாபத்தில் இயங்கும் கடைக்கு அது கையிருப்பு முதல்.

தளமா, தனிக் கடையா

அந்நிய முதலீடு பெற்ற வணிகத் தளங்கள் தாமே சரக்கை வைத்திருந்து உள்நாட்டு நுகர்வோருக்கு விற்க இந்திய விதிகள் அனுமதிப்பதில்லை. 2019 பிப்ரவரி முதல் இக்கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. அதனால் இத்தளங்களுக்குச் சிறு விற்பனையாளர்கள் இன்றியமையாதவர்கள். வாடிக்கையாளர் கூட்டத்தையும் கூரியர் ஏற்பாட்டையும் தளம் தருகிறது. பதிலுக்குக் கமிஷனும் கட்டணங்களும் பெறுகிறது. தனிக் கடையில் கமிஷன் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் விளம்பரச் செலவில்தான் அழைத்து வர வேண்டும்.

கமிஷனே இல்லை என்று 2021-இல் மீஷோ அறிவித்தது போட்டியை மாற்றியது. மத்திய அரசின் ஆதரவுடன் உருவான ஓஎன்டிசி இணைப்பகம், 2022 ஏப்ரலில் தில்லி, பெங்களூரு, போபால், ஷில்லாங், கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் சோதனை முறையில் தொடங்கி, ஒரே தளத்தைச் சார்ந்திருக்கும் நிலையை மாற்ற முயன்றது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் கமிஷன் குறைந்தாலும், பார்சல் திரும்பும்போது யாரோ ஒருவர் அச்செலவை ஏற்க வேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியது என்ன?

மேற்கண்ட கணக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆர்டர் செய்யும்போதே பணம் செலுத்துவோருக்கு 30 ரூபாய் தள்ளுபடி தந்து, நூறில் 60 பேர் அதை ஏற்பதாகக் கொள்வோம். செலவு 1,800 ரூபாய். அதன் பலனாகத் திரும்பும் பார்சல்கள் 25-இலிருந்து 10-ஆகக் குறைந்தால், தள்ளுபடி போக மிஞ்சும் லாபம் 7,400 ரூபாய். முன்பு கிடைத்த 4,250 ரூபாயைவிட இது அதிகம். அனுப்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆர்டரை உறுதி செய்வதும் இதே நோக்கத்துக்கு உதவும்.

முதலில் சொந்த மாநிலத்துக்குள் விற்பதும் விவேகமானது. தொலைவு குறைந்தால் கூரியர் செலவும் நாட்களும் குறையும், மறுப்பும் குறையும். ஜிஎஸ்டி விலக்கும் அதே திசையில்தான் இருக்கிறது. நாடு முழுவதும் விற்பது இரண்டாம் கட்டமாக இருக்கலாம்.

அரசின் பங்கும் உண்டு. எந்தப் பகுதியில், எத்தகைய ஆர்டர்கள் மறுக்கப்படுகின்றன என்ற தகவல் பெரிய தளங்களிடம் குவிந்துள்ளது. தனித்து நிற்கும் சிறு வணிகர் அதை ஒவ்வொரு நஷ்டத்தின் மூலமாகவே அறிந்துகொள்கிறார். வாடிக்கையாளரின் அந்தரங்கம் காக்கப்படும் வகையில், வட்டார அளவிலான அத்தகவலைப் பொது இணைப்பகங்கள் சிறு விற்பனையாளருக்கு வழங்க முடிந்தால், கமிஷன் குறைப்பைவிட அது பெரிய உதவியாக அமையும். அதுவரை, இணையத்தில் கடை திறப்பவர் நாள்தோறும் பார்க்க வேண்டிய கணக்கு அன்று எத்தனை ஆர்டர் வந்தது என்பதல்ல; சென்ற வாரம் அனுப்பியவற்றில் எத்தனை வீடு சேர்ந்தன என்பதே.