அந்தப் படங்களைக் குப்பையில் போடாதீர்கள்

போன வருஷம் பாரீசுக்கு வடக்கே இருக்கும் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அவர்கள் வீடு மாறுகிற நேரம். எதை எடுத்துப் போவது, எதைக் கழிப்பது என்று மகனும் மருமகளும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேரன் அறையிலிருந்து நீளமான அட்டைக் குழல் ஒன்று கழிக்கிற பக்கம் வந்து விழுந்தது. உள்ளே சுருட்டி வைத்த ஏழெட்டுப் பெரிய வரைபடங்கள்.

“எல்லாம் டேப்லெட்டிலேயே இருக்குப்பா, இது வெறும் காகிதம்” என்றான் மகன்.

வெறும் காகிதமாம்! முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் காகிதத்தோடு குப்பை கொட்டியவனிடம் சொல்கிற பேச்சா இது? அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன்; எனக்கே புரிய ஒரு வாரம் ஆயிற்று. அங்கே ‘ழெ த ரோல்’ என்கிறார்கள், வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதற்கெல்லாம் தாய். ஐந்தாறு பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், கூத்தில் கட்டியக்காரன் மாதிரி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: வீரன், மந்திரவாதி, திருடன். “காட்டுப் பாதை இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். இவர்கள் கூடிப் பேசி முடிவு சொல்வார்கள். காரியம் பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும்.

இதற்கு வேண்டிய படம் இரண்டு வகை. ஒன்று நாட்டுப்படம். 1980இல் வந்த ‘கிரேஹாக்’ என்னும் கற்பனை உலகத்துக்கு டார்லீன் என்ற ஓவியர் வரைந்த படம் இரண்டு பெரிய தாள்கள். மேலெல்லாம் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் 30 மைல். இப்போதைய விதிப்புத்தகப்படி நடந்து போகிறவர்கள் சாதாரண வேகத்தில் நாளைக்கு 24 மைல் போகலாம். ஆக நான்கு கட்டம் தாண்ட ஐந்து நாள். பிள்ளைகள் விரலை வைத்து எண்ணினால், கையில் இருக்கும் சாப்பாடு அத்தனை நாளுக்கு வருமா என்ற கேள்வி தானாக எழும்.

இன்னொன்று சண்டைப்படம். அங்குலத்துக்கு ஒரு சதுரம், ஒரு சதுரம் 5 அடி. மனித வேடக்காரர் தன் முறை வரும்போது 30 அடி, அதாவது ஆறு சதுரம் நகரலாம். நெருப்பு உருண்டை மந்திரம் விழுந்த புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் 20 அடி பொசுக்கும், நான்கு சதுரம். நம் ஆள் அதற்குள் நிற்கிறானா, வெளியே நிற்கிறானா? படம் இல்லாவிட்டால் இது தீராத வழக்கு.

பேரன்தான் கதை நடத்துகிறவன். இரண்டு சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் சனிக்கிழமை டேப்லெட். கோட்டையைப் பெரிதாக்கினால் ஆறு தெரியவில்லை. சிறிதாக்கினால் ஆறு தெரிந்தது, பெயரைப் படிக்க முடியவில்லை. “காட்டு, காட்டு” என்று இரண்டு தடவை கேட்ட பையன் மூன்றாம் தடவை கேட்கவில்லை. தன் போனை எடுத்துக்கொண்டான். கூட்டத்தில் இருந்த ஒரே பெண் அன்று நான்கு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அடுத்த வாரம் நானே குழலைத் திறந்து படத்தை மேஜையில் விரித்தேன். நான்கு மூலைக்கும் நான்கு காபிக் கோப்பைகள். எல்லாத் தலையும் குனிந்தன. ஊர் வாசல் வழியாக எப்படி நுழைவது என்று பையன்கள் கத்திக்கொண்டிருக்க, அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஆற்றின் மேல் ஒரு பாலத்தில் விரலை வைத்தாள். அதை யாரும் கவனித்திருக்கவில்லை, என் பேரன் உட்பட. அன்றைய ஆட்டம் முழுக்க அந்தப் பாலத்தின் மேல்தான் நடந்தது.

என் வாதம் இவ்வளவுதான். திரையில் இருக்கும் படத்துக்கு ஒரே சொந்தக்காரன்: எவன் விரல் அதன்மேல் இருக்கிறதோ அவன். மற்றவர்கள் அவன் காட்டியதைப் பார்க்க வேண்டியதுதான். மேஜையில் விரித்த காகிதம் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் பொது. பேசக் கூச்சப்படுகிறவர்களும் விரலால் பேசலாம். நிலத் தகராறில் பங்காளிகள் எங்கள் ஆபீசில் வந்து நின்றபோதும் இதைத்தான் கண்டேன். கிராம வரைபடத்தை விரித்ததும் இருவரும் குரலைத் தாழ்த்திக் குனிவார்கள்.

படம் கற்பனையைக் கட்டிப்போடும், காதால் கேட்டு மனத்தில் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். டோல்கின் முதலில் படத்தை வரைந்துகொண்டு கதையை அதற்குப் பொருத்தியதாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கா கற்பனை குறைவு? நாங்கள் படித்த காலத்தில், மத்மொசேல் தெ ஸ்குதெரி 1654இல் தம் ‘க்ளெலி’ நாவலில் சேர்த்த ‘கார்த் த தாந்த்ர்’ படத்தை ஆசிரியர் காட்டினார். அன்பு என்கிற நாட்டுக்கு வரைபடம்! புது நட்பு என்ற ஊரிலிருந்து கிளம்பி அசட்டை, மறதி என்ற ஊர்கள் வழியாகப் போனால் அலட்சியம் என்ற ஏரியில் போய்ச் சேருவோம். அதைப் பார்த்த பிறகு வகுப்பில் ஆளுக்கொரு படம் வரைந்தோம்.

அச்சிட்ட படம் ரகசியத்தையெல்லாம் காட்டிவிடுமே என்பது அடுத்த குறை. இதற்கு விடை நம் வகுப்புச் சுவரிலேயே தொங்கியது. விதால் தெ லா பிளாஷின் பெரிய சுவர்ப்படங்கள் நினைவிருக்கிறதா? முன்பக்கம் ஊர்ப் பெயர்களோடு. திருப்பினால் அதே நாடு, பெயர் இல்லாமல். ஊமைப்படம் என்போம். ஆட்டக்காரர்களுக்கு ஊமைப்படத்தைக் கொடுங்கள். போன இடத்தின் பெயரை அவர்களே பென்சிலால் எழுதட்டும். சண்டைப்படத்தில் இன்னும் போகாத அறையை வெள்ளைத்தாளால் மூடுங்கள். எழுதி அழிக்கிற பூச்சோடும் 24க்கு 30 அங்குலத்தில் கட்டம் போட்ட விரிப்புகள் கடையில் கிடைக்கின்றன.

நியாயம் என்று ஒன்று இருக்கிறது. நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால் திரைதான் வழி. அதை நான் மறுக்கவில்லை. காகிதம் மடிப்பில் கிழியும், விலையும் கொடுக்க வேண்டும், வைக்க இடம் வேண்டும். ஆனால் ஒரே மேஜையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு சாண் கண்ணாடியை வைத்து, ‘இதுவே போதும், மற்றது குப்பை’ என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

குழல் புது வீட்டுக்குப் போயிற்று. போன வாரம் பேரன் போனில் சொன்னான்: நாட்டுப்படம் நடு மடிப்பில் கிழிந்துவிட்டதாம், அந்தப் பெண்தான் பின்பக்கம் டேப் ஒட்டிக் கொடுத்தாளாம்.

உங்கள் பேரப்பிள்ளைகள் அறையிலும் இப்படி ஒரு குழல் இருக்கலாம். கழிப்பதற்கு முன் ஒரே ஒரு மாலை அதை மேஜையில் விரித்துப் பாருங்கள். மூலைக்கு வைக்க நான்கு டம்ளர் போதும்.