கட்டுப்படியாகாதுங்க!

‘எந்த நாடானாலும் கூலிக்கு ஒரு அடிமட்டம் வேணும். இல்லாட்டி முதலாளி கூலி கொறைஞ்ச பக்கமா மூட்டை கட்டிருவார்.’ ஐரோப்பியத் தொழிற்சங்கங்களின் நெடுநாள் பாட்டு இது. 2022-ல் ஐரோப்பிய யூனியன் காது கொடுத்தது. நாட்டையே சம்பள வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதில் 60 சதவீதமாவது குறைந்தபட்சக் கூலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு விதி போட்டது.

நல்ல விஷயம்தான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அதே ஊர்க் கம்பெனி பனியன் வாங்கத் திருப்பூருக்கு வந்தால் அந்த விதி எங்கே போகிறது? ‘பங்களாதேஷில் இதைவிடச் சல்லிசு’ என்கிறார் பையர். ‘கட்டுப்படியாகாதுங்க’ என்று கையைப் பிசைகிறார் நம்ம எக்ஸ்போர்ட்டர். கடைசியில் அது டெய்லர் தலையில் விடிகிறது. ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம்!

திருப்பூர் வாய் பேசாத ஊரில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர். அன்றைக்கு எதிரே முதலாளி இருந்தார். இன்றைக்கு விலை வைக்கிறவர் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கேட்டில் போய்க் கொடி பிடிப்பது?

வழி இல்லாமலில்லை. அதே 2022-ல், திண்டுக்கல் பக்கத்து ஆடை ஆலைகளில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் வந்தது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடும் தமிழ்நாட்டுப் பெண்கள் நடத்தும் ஒரு சங்கத்தோடும் சுவீடனின் எச் அண்ட் எம் கம்பெனியும் கையெழுத்துப் போட்டது.

அந்தப் பேனாவில் இன்னும் மை இருக்குமுங்க. கூலியையும் எழுதிரலாமே?