பீரங்கி அளந்த ராஜ்யம்

தேசிய அரசுகளின் காலம் அஸ்தமித்துவருகிறதென்றும், கடல் கடந்து வியாபாரம் செய்யும் பெருங் கம்பெனிகளும் சர்வதேச ஸ்தாபனங்களுமே இனி உலக ஒழுங்கை நிர்ணயிக்கும் என்றும் அறிஞர் பலர் சொல்லக் கேட்கிறோம். இதைப் புதுயுகத்தின் உதயமென்று எண்ணி மகிழ்வோர், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டையை ஒருமுறை வந்து பார்ப்பது நலம்.

1690ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து அக்கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், அதிலிருந்து நாற்புறமும் பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள கிராமங்களெல்லாம் கிரயத்தில் அடங்கியவை என்று எடுத்துக்கொண்டார்கள். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரும் அவற்றுக்கு ஏற்பட்டது. கிராமத்தாரின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? சரக்கு வாங்க வந்த அந்தக் கம்பெனி, 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய பின் சில ஆண்டுகள் இங்கிருந்தே அதிகாரம் செலுத்திற்று. சேனை வைத்தது, வரி வாங்கிற்று, யுத்தம் தொடுத்தது. ஹைதர் அலியின் வீரர்கள் அரணாக்கிக்கொண்டிருந்த சிதம்பரம் கோயிலை 1781 ஜூனில் கம்பெனியின் படை தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. இரண்டாண்டுக்குப் பின், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டு, இருதரப்பிலும் மனிதர் மடிந்துகொண்டிருக்கையில், ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் ஏற்பட்டுவிட்டதென்ற செய்தி ஜூன் கடைசியில்தான் வந்து சேர, சண்டை நின்றது. கடலூர் யாருடையது என்பதையும் அயல்நாட்டு உடன்படிக்கையே தீர்மானித்தது.

தேசிய அரசு தெய்வீகமானதென்று நான் வாதாடவில்லை. கடலூர் சிப்காட் ஆலைகளின் நாற்றத்தை முகர்ந்தவர் எவரும் நம் அரசாங்கத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதத் தயங்குவர். ஆயினும் கலெக்டரிடம் மனுக் கொடுக்கவும், கோர்ட்டுக்குப் போகவும், ஐந்தாண்டுக்கொருமுறை ஆள்வோரை மாற்றவும் குண்டு கிராமத்துக் குடியானவனின் சந்ததிக்கு வழி கிடைத்தது இந்த அரசினால்தான். லண்டனிலிருந்த டைரக்டர்களை அந்தக் குடியானவன் மாற்றியிருக்க முடியுமா?

இக்காலத்துக் கம்பெனிக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு ஒப்புக்கொண்ட சலுகைத் தொகை வந்து சேரவில்லையென்று, நிசான் கம்பெனி இந்திய அரசைச் சர்வதேச நடுவர் விசாரணைக்கு இழுத்த செய்தி 2017இல் வெளியாயிற்று. பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. கம்பெனியின் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். கொடுத்த வாக்கை அரசு காக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொகையை வரியாகச் செலுத்தும் பிரஜைகளுக்கு அத்தகைய விசாரணையில் ஒரு வார்த்தை பேச இடமில்லை. வருங்கால உலக ஒழுங்கை வகுப்பவர்கள் அந்த இடத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்லட்டும். அதுவரை தேசிய அரசுக்கு அந்திமக் கிரியை நடத்தும் அவசரம் எனக்கில்லை.