அடித்த மீன் மேல் தப்பில்லை

பேரன் ஆசைப்பட்டான் என்று சென்னை கொளத்தூரில் மூன்று டிஸ்கஸ் மீன் வாங்கி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். பெரியது மற்றதை விரட்டிக்கொண்டே இருந்தது. சின்னது உடல் கறுத்து, மூலையில் ஒதுங்கி, இரையெடுக்காமல் பத்தாம் நாள் செத்தது. அன்று அடித்த மீனைத் திட்டினேன். தப்பு என்னுடையது.

அமேசான் ஆற்று மீனான டிஸ்கஸ், நம் கண்மாய் ஜிலேபிக் கெண்டையின் குடும்பம்தான். கூட்டமாக வாழும், கூட்டத்துக்குள் பெரியவன், சின்னவன் என்ற வரிசையும் உண்டு. மூன்றே மீன் என்றால் அடியெல்லாம் ஒன்றின் மேலேயே விழும். ஆறு இருந்தால் அடி பங்காகிவிடும்.

இரையை இரண்டு மூன்று இடங்களில் போடுங்கள். பிரிப்பதானால் அடிபட்டதை அல்ல, அடிப்பதைச் சில நாள் பிரித்து வையுங்கள். திரும்ப விடும்போது உள்ளே இருக்கும் கட்டை, செடிகளை இடம் மாற்றினால் அது பிடித்து வைத்த எல்லை கலைந்துபோகும். முட்டையிட்ட ஜோடி விரட்டினால் அது ரவுடித்தனமல்ல, பிள்ளைக் காவல். தன் தோலில் சுரக்கும் கோழையை ஊட்டிக் குஞ்சு வளர்க்கும் மீன் அது, தனித்தொட்டி கொடுங்கள்.

ஆறு மீனுக்கு 250 லிட்டர் தொட்டியாவது வேண்டும். வாரந்தோறும் நல்ல தண்ணீரும் மாற்ற வேண்டும். கிணறெல்லாம் உப்பு, குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற நம் பக்கத்தில் அது முடியாதென்றால், டிஸ்கஸை வாங்காமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் நன்மை. என் பேரனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.