இஸ்ரேல் சினிமா வேறு, இஸ்ரேல் அரசின் விளம்பரம் வேறு!

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

"பெருமுக்கல்ல உக்காந்துக்கிட்டு உனக்கெதுக்கு இஸ்ரேல் சினிமா? மல்லாட்டைக்கு விலை கிடைக்குதான்னு பாரு" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மல்லாட்டை விலையையும் நாமதான் கேக்கிறோம். அதைக் கேக்கிற வாயாலேயே இதையும் கேப்போம். ஏன்னா, பெருமுக்கல்காரன் எந்தப் படத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை டெல்லியில் ஒரு அமைச்சகம் முடிவு செய்கிறது. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதற்கு மூன்று ஊர்களில் நடந்ததை மட்டும் சொல்றோம். தேதியோட சொல்றோம். யார் வேணும்னாலும் சரிபார்த்துக்கலாம்.

முதல் ஊர், கோவா. 2022 நவம்பர்.

53-வது இந்திய சர்வதேசத் திரைப்பட விழா. ஒன்றிய அரசு நடத்துகிற விழா. அந்த மேடையில் 'ஃபவுடா' என்ற இஸ்ரேலியத் தொடரின் நாயகன் லியோர் ராஸை வரவேற்றார்கள். பாலஸ்தீனர்கள் நடுவே மாறுவேடத்தில் புகுந்து வேட்டையாடும் இஸ்ரேலியப் படைப்பிரிவின் கதை அது. அதே விழாவில் சர்வதேசப் போட்டியின் நடுவர் குழுத் தலைவராக நதவ் லபித் என்ற இஸ்ரேலிய இயக்குநரை உட்கார வைத்தார்கள். 2019-ல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருது வாங்கியவர். "இஸ்ரேல்காரர், நம்ம ஆளு" என்று நினைத்துவிட்டார்கள் போல!

நவம்பர் 28, நிறைவு நாள். லபித் மைக் முன்னால் நின்று 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' ஒரு பிரச்சாரப் படம், ஆபாசமான படம், இந்த விழாவின் போட்டிப் பிரிவில் இருக்கத் தகுதி இல்லாத படம் என்று போட்டு உடைத்தார். அவ்வளவுதான். நேத்துவரைக்கும் இஸ்ரேல் இஸ்ரேல்னு உருகினவங்க எல்லாம் ஒரு இஸ்ரேல்காரரைத் திட்டித் தீர்த்தார்கள். இஸ்ரேல் தூதரே "வெட்கப்படு" என்று தன் நாட்டுக் கலைஞருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். நடுவர் குழுவில் இருந்த மற்ற 3 வெளிநாட்டவர்களும் பிறகு லபித் பக்கம் நின்றார்கள். ஒதுங்கிக்கொண்ட ஒரே ஒருவர் இந்திய உறுப்பினர் சுதிப்தோ சென். அடுத்த வருஷம் 'தி கேரளா ஸ்டோரி' எடுத்தது அவர்தான். 2025-ல் அந்தப் படத்துக்காகச் சிறந்த இயக்குநர் தேசிய விருது அவருக்கு. 'காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்கு 2023-லேயே தேசிய ஒருமைப்பாட்டு விருது. கணக்கு புரியுதா?

இரண்டாவது ஊர், மும்பை. 2024 ஆகஸ்ட்.

காசா சுகாதாரத் துறைக் கணக்குப்படி அந்த மாத நடுவில் பலி 40,000-ஐத் தாண்டியது. அதே மாதம், ஒன்றிய அரசு நிறுவனமான தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பெயரில், இந்திய சினிமாவுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இஸ்ரேலியத் திரைப்பட விழா என்று அறிவிப்பு வருது. நசிருதீன் ஷா, ஆனந்த் பட்வர்தன் போன்ற கலைஞர்களும் ஏராளமான பொதுமக்களும் கையெழுத்துப் போட்டு இதை நிறுத்தச் சொன்னார்கள். உடனே அவங்களுக்கு 'தேசவிரோதி' பட்டம். நம்ம வரிப்பணத்துல கட்டின அருங்காட்சியகம், தோழர்களே. அதில் எந்த அரசுக்கு வெள்ளையடிக்கலாம்னு நாம கேக்கக் கூடாதா?

மூன்றாவது ஊர், திருவனந்தபுரம். 2025 டிசம்பர்.

கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் 30-வது ஆண்டு. விழாவில் காட்டும் படங்களுக்குத் தணிக்கை விலக்கு தருவது ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். 19 படங்களுக்கு விலக்கு இல்லை என்று கைவிரித்தார்கள். 'பாலஸ்தீன் 36', 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் காசா', 'வாஜிப்' என்று வரிசையாகப் பாலஸ்தீனப் படங்கள். 1925-ல் வந்த 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' கூட அந்தப் பட்டியலில் இருந்தது. உலகம் முழுக்க சினிமா மாணவர்களுக்குப் பாடமாக இருக்கும் படத்துக்கு நூறாவது வயசுல தடை! 'பீஃப்' என்று ஒரு ஸ்பானியப் படமும் மாட்டிக்கிச்சு. அது ஹிப்ஹாப் பற்றிய படம். மாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

இதெல்லாம் செய்தியில் வந்துச்சு. பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு பெயர் அந்த 19-ல் இருந்தது. 'யெஸ்'. இயக்கியவர் நதவ் லபித். அதே இஸ்ரேல்காரர். அக்டோபர் 7-க்குப் பிறகு, போர்வெறிப் பாட்டுக்கு இசை போடச் சம்மதிக்கும் டெல் அவிவ் கலைஞன் ஒருவனைப் பற்றிய படம்.

கேரள அரசு எல்லாப் படத்தையும் திரையிடுவோம்னு அறிவிச்சுது. இழுபறிக்குப் பிறகு பெரும்பாலான படங்கள் தப்பிச்சுது. கடைசிவரைக்கும் திரைக்கு வராத படங்கள் 6.

இப்போ மூன்று ஊரையும் ஒன்றாக வைத்துப் பாருங்க. 'ஃபவுடா'வுக்கு மேடை உண்டு. இஸ்ரேலிய விழாவுக்கு அரசு அருங்காட்சியகமே உண்டு. பாலஸ்தீனப் படத்துக்கு இடமில்லை. சரி, இஸ்ரேல் மேல அவ்வளவு பாசம்னு வெச்சுக்கிட்டாலும், இஸ்ரேல்காரரே எடுத்த 'யெஸ்' ஏன் உள்ளே வரல? ஏன்னா இவங்களுக்கு வேண்டியது இஸ்ரேல் சினிமா இல்லை. இஸ்ரேல் அரசுக்குப் பிடிச்ச சினிமா. கலைஞன் எந்த நாட்டுக்காரன் என்பது இவங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆட்சியைக் கேள்வி கேக்கிறானா என்பதுதான் பிரச்சினை.

இதே லபித் 2021-ல் ஒரு படம் எடுத்தார். 'அஹெட்ஸ் நீ'. கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. கதை என்ன தெரியுமா? பாலைவனத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் நூலகத்தில் தன் படத்தைத் திரையிட்டு மக்களோடு பேச ஒரு இயக்குநர் போகிறார். பண்பாட்டு அமைச்சகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி ஒரு படிவத்தை நீட்டுகிறார். திரையிடல் முடிந்ததும் எந்தெந்தத் தலைப்பில் பேசப் போகிறீர்கள், அனுமதித்த பட்டியலில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுங்க, அப்போதான் பணம். லபித்துக்கே நடந்த அனுபவத்திலிருந்து உருவான படம் அது.

ஒரு சின்ன ஊர், ஒரு நூலகம், ஒரு படிவம். அந்த ஊர் பெயரை எடுத்துட்டு நம்ம ஊர் பெயரைப் போட்டுப் பாருங்க. பொருந்துதா இல்லையா?

இப்போ நம்ம பக்கத்துத் தோழர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கோபப்படாம கேளுங்க.

"இஸ்ரேல்காரன் எடுத்த படமா? எதுவா இருந்தாலும் கிழி" என்று சிலர் எழுதுகிறார்கள். கோபம் நியாயமானது. அந்த வழி தப்பு. அரசு நிதியோடு, தூதரகம் தேர்ந்தெடுத்து அனுப்பும் விழாவை எதிர்ப்பது வேறு. அந்த அரசையே எதிர்க்கும் கலைஞனின் படத்தைக் கிழிப்பது வேறு. 2014-ல் சென்னையில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கா? பிரசன்ன விதானகே என்ற சிங்கள இயக்குநரின் 'வித் யூ, வித்தவுட் யூ' திரையரங்கிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழ் அமைப்புகளின் பெயரில் வந்த மிரட்டல்தான் காரணம். ஒரு தமிழ்ப் பெண்ணை மணக்கும் முன்னாள் சிங்களச் சிப்பாய், தன் இராணுவத்தின் குற்றத்தை எதிர்கொள்ளும் கதை அது. நம்ம வலியைச் சிங்களவர்களுக்கு எடுத்துச் சொன்ன ஒரு சிங்களவரின் படத்தை நிறுத்தி யாருக்கு என்ன லாபம்? ராஜபக்சேவுக்குத்தான் லாபம்.

அதே 2014-ல் இன்னொண்ணும் நடந்தது. முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களைப் பற்றி கேலம் மெக்ரே எடுத்த 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் சான்று மறுத்தது. சொன்ன காரணம், இலங்கையோடு நட்புறவு பாதிக்கும். அப்போ ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. ஆள் மாறினாலும் கத்தரிக்கோல் மாறலை, தோழர்களே. 'நட்பு நாடு' என்ற இந்த வார்த்தை 1951-ல் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தில் 19(2)-க்குள் வந்தது. நேத்து அதை வெச்சு நம்ம சொந்தங்களின் சாவை நம்ம கண்ணிலிருந்து மறைச்சாங்க. ஒரு இனத்தின் சாவை மறைக்கப் பழகினவனுக்கு இன்னொரு இனத்தின் சாவை மறைக்கிறது கஷ்டமா என்ன? காசாவைப் பத்தித் தமிழன் பேசுறதுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேணுமா?

ஒண்ணு தெளிவா சொல்லிடறோம். நமக்கு யூத மக்கள் மேல் எந்த வெறுப்பும் கிடையாது. கொச்சியில் பல நூற்றாண்டு நிம்மதியாக வாழ்ந்தவர்கள் அவர்கள். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதும் கொடுமைதான். அந்தக் கொடுமையைக் காட்டி ஒரு நிலத்தையே சுடுகாடாக்குவதைத்தான் கேட்கிறோம். இஸ்ரேலுக்குள்ளேயே அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் படங்களை நம்ம மக்கள் பார்க்கணும்.

'லெமன் ட்ரீ' (2008) பாருங்க. இயக்கியவர் எரான் ரிக்லிஸ், இஸ்ரேலியர். ஒரு பாலஸ்தீன விதவை. அப்பா காலத்து எலுமிச்சைத் தோப்பு. பக்கத்து வீட்டுக்கு இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் குடிவருகிறார். பாதுகாப்புக்கு ஆபத்து, மரத்தை வெட்டு என்கிறார்கள். அவள் உச்ச நீதிமன்றம் வரை போகிறாள். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று 2022-லிருந்து நிற்கும் ஏகனாபுரத்து மக்களுக்கு இந்தப் படத்தை விளக்க வசனமே தேவையில்லை.

'ஃபைவ் புரோக்கன் கேமராஸ்' (2011) பாருங்க. பிலின் என்ற கிராமத்து விவசாயி எமாத் புர்னாத், மகன் பிறந்ததைப் படம் பிடிக்க கேமரா வாங்கினார். ஊர் நிலத்தில் வேலி வந்தது. போராட்டத்தைப் படம் பிடித்தார். ஒன்றன்பின் ஒன்றாக 5 கேமராக்கள் உடைந்தன. கூட நின்று இயக்கியவர் கய் தாவிதி, இஸ்ரேலியர்.

2025-ல் ஆஸ்கர் வென்ற 'நோ அதர் லேண்ட்' பாலஸ்தீனர்களும் இஸ்ரேலியர்களும் சேர்ந்து எடுத்த ஆவணப்படம். விருது வாங்கிய அதே மாதத்தில் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லாலைக் குடியேறிகள் தாக்கினார்கள், இராணுவம் பிடித்துக்கொண்டு போனது.

அதே ஆண்டு இஸ்ரேலின் உயரிய திரை விருதான ஒஃபிரை வென்றது 'தி சீ'. கடலைப் பார்க்க ஆசைப்படும் ஒரு பாலஸ்தீனச் சிறுவனின் கதை. நம்ம பிள்ளைங்க நினைச்சா பஸ் ஏறி மரக்காணம் போய்க் கடல்ல கால் நனைச்சிட்டு வருவாங்க. அவனுக்குச் சோதனைச்சாவடியைத் தாண்ட அனுமதி இல்லை. விருது அறிவித்ததும் இஸ்ரேல் பண்பாட்டு அமைச்சர் மிக்கி சோஹர், இனி அந்த விருது விழாவுக்கே நிதி கிடையாது என்றார். டெல்லியும் டெல் அவிவும் எவ்வளவு ஒத்துமை பாத்தீங்களா!

"இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், கிராமத்துக்கு எதுக்கு"ன்னு யாராவது சொன்னா, நம்ம மலையைக் காட்டுங்க. 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுப் படையிடமிருந்து பிடித்தது இந்தப் பெருமுக்கல் கோட்டையைத்தான். எங்கிருந்தோ வந்த ரெண்டு பேர் நம்ம மலைக்குச் சண்டை போட்டான். ஊர்க்காரனை எவனும் கேக்கல. தன் மண்ணில் தன்னைக் கேக்காம முடிவெடுத்தா எப்படி இருக்கும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

சரி, இப்போ என்ன செய்யணும்?

ஒன்று. உங்கள் ஊரிலோ கல்லூரியிலோ 'இஸ்ரேலியத் திரைப்பட விழா' என்று யாராவது வந்தால் 3 கேள்வி கேளுங்க. யார் பணம்? படத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? படம் முடிந்ததும் நாங்க எதைப் பத்தியும் பேசலாமா? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் உட்கார்ந்து பாருங்க. இல்லை என்றால் வாசலில் நின்று மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. கல் வேண்டாம், கிழிப்பு வேண்டாம். துண்டறிக்கை போதும்.

இரண்டு. ஒன்றியத்துக்கு ஒரு திரைப்பட வட்டம் தொடங்குங்க. பொது இடத்தில் எந்தப் படத்தைக் காட்டவும் 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் விலக்கு வேண்டும். சட்டத்தை மீறச் சொல்லலை. இந்தப் படங்களின் பெயரை எழுதி முறைப்படி விலக்கு கேளுங்க. கொடுத்தால் திரை கட்டுவோம். மறுத்தால் அந்தக் கடிதத்தையே பிரிண்ட் போட்டு ஊர் முழுக்க ஒட்டுவோம்.

மூன்று. அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியல் 60-வது பதிவு, படங்களுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை டெல்லியிடம் வைத்திருக்கிறது. தியேட்டர் உரிமம் மாநிலத்திடம். அதாவது கொட்டாய் நம்மளுது, உள்ள ஓடுற படம் அவங்களுது! விழாக்களுக்கும் திரைப்படச் சங்கங்களுக்குமான விலக்கு அதிகாரமாவது மாநிலத்துக்கு வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில், குறிப்பிட்ட நாளுக்குள், பொதுவெளியில் சொல்ல வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்க.

திருவிழாவில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் பார்த்து அரசியல் கற்ற மண் இது. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து ஆட்சியையே மாற்றிய மக்கள் நாம். எது பிரச்சாரம், எது கலை என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அமைச்சகத்தின் கத்தரிக்கோல் அதற்குத் தேவையில்லை.

திரையைக் கட்டுங்க. ரெண்டு பக்கத்துப் படத்தையும் போடுங்க. தீர்ப்பை மக்கள் சொல்லட்டும்.

படிச்சதோட நிறுத்தாம, உங்க கிளைக் குழுவுல பகிருங்க தோழர்களே.

– தகவல் தொழில்நுட்ப அணி, பெருமுக்கல்

#திரை_மக்களுக்கே #மாநில_உரிமை #பாலஸ்தீனத்துடன்_தமிழ்நாடு