ஈசியூ மாத்தணும்னு சொன்னா, 60 வந்துச்சான்னு கேளுங்க

கார் வச்சிருக்கவங்களுக்காக ஒரு இழை. மருத்துவம் இல்ல, ஆனா நோய் கண்டுபிடிக்கிற விஷயம்தான்.

"ஸ்கேனர் போட்டோம் சார், ஈசியூ போயிடுச்சு"ன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. கோடு 'யூ'வுல ஆரம்பிச்சா அது தகவல் தொடர்புக் கோளாறு. யூ0100னா இன்ஜின் கன்ட்ரோல் மாட்யூலோட தொடர்பு இல்லைன்னு அர்த்தம். இதைச் சொல்றது பிரேக், கியர்பாக்ஸ் மாதிரி மத்த மாட்யூல்கள். அவர்கிட்ட இருந்து பதில் வரலைங்கிறாங்க, செத்துட்டார்னு சொல்லல. ஸ்டெத் வைக்காம நாங்க டெத் சர்டிஃபிகேட் எழுதினா சும்மா விடுவீங்களா?

இந்த மாட்யூல்கள் பேசிக்கிறது பெரும்பாலும் கேன் பஸ் வழியா. 1986ல பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்தினது. முறுக்கின ரெண்டே கம்பி, கேன் ஹை, கேன் லோ. சும்மா இருக்கப்ப ரெண்டுலயும் சுமார் 2.5 வோல்ட். பேசுறப்ப ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர். சேர்த்து அளந்தா 60 வரணும்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, சில நிமிஷம் விட்டு, ஸ்டியரிங் கீழ இருக்கிற ஓபிடி சாக்கெட்ல 6, 14 பின்கள்ல மல்டிமீட்டர் வைங்க. 120 வந்தா ஒரு முனை விட்டுப்போச்சு. பூஜ்யத்தை ஒட்டி வந்தா ரெண்டு கம்பியும் ஷார்ட். சில கார்ல நடுவுல கேட்வே இருக்கும், அங்க சாக்கெட்ல இந்தக் கணக்கு செல்லாது.

60 வந்துட்டா எல்லாம் சரின்னும் இல்ல. முதல் ஈசிஜி நார்மல்னு நெஞ்சுவலிக்காரரை நாங்க வீட்டுக்கு அனுப்பிடுறதில்ல. ஒரு மாட்யூலுக்குப் போற கிளைக் கம்பி மட்டும் அறுந்தா அப்பவும் மீட்டர் 60 காட்டலாம். அடுத்து அந்த மாட்யூலோட ஃபியூஸ், சப்ளை, எர்த். எர்த்தை ஓம்ல பாத்தா ஏமாத்தும். ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் நல்லாத்தான் காட்டும். பல்பு போட்டு லோடு குடுத்து, எவ்வளவு வோல்ட் விழுதுன்னு பாக்கணும்.

எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தருக்கு ஈசியூவுக்கு 45,000 எஸ்டிமேட். வளையலை அடகு வைக்கிற யோசனையில இருந்தாங்க. ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் மத்தியானம் பூரா தேடி, எலி கடிச்ச எர்த் வயரைக் கண்டுபிடிச்சார்.

ஈசியூ சாகவே சாகாதுன்னு சொல்லல. வெள்ளத்துல மூழ்கினா சாகும். ஆனா அது கடைசியா வரவேண்டிய முடிவு. புதுசு போட்டா பல கார்ல இம்மொபிலைசரோட கோடிங்கும் பண்ணணும், அதுக்கும் தனி பில்.

மெக்கானிக்கை மட்டும் திட்டவும் மனசு வரல. பாகத்துக்கு 45,000 குடுக்கிற நாம, மூணு மணி நேரம் தேடினதுக்கு 1,500 கேட்டா சண்டைக்குப் போறோம். மாத்திரை எழுதாத டாக்டருக்கு எதுக்கு ஃபீஸ்னு கேக்குற அதே கணக்கு. தேடுறதுக்குன்னு தனியா காசு குடுங்க. அளந்த ரீடிங்கை ஜாப் கார்டுல எழுதி வாங்குங்க.

வீட்டுல மீட்டரோட இறங்குறவங்களுக்கு ஒண்ணு: மஞ்சள் கனெக்டர் பெரும்பாலும் ஏர்பேகோடது. அதுல ஓம் அளக்காதீங்க, வெடிச்சா எங்க கேஷுவால்டிக்குத்தான் வருவீங்க.