ஆபரேஷன் என்றால் பயமா?

"சினைப்பையில் கட்டி இருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும்."

டாக்டர் சொல்வது இரண்டே வாக்கியம். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு அன்று இரவு தூக்கம் வராது.

போத்தனூரில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். புருஷன் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. பக்கத்தில் நிற்கும் தாய்க்கு அது தெரியவில்லை. "நான் திரும்பி வருவேனா? வராவிட்டால் பிள்ளைக்கு யார் தலை வாரி விடுவார்கள்?" மனம் இதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வருகிறார். "ஏன் அம்மணி, என்ற நாத்தனாருக்கும் இப்படித்தான் ஒரு கட்டி வந்துது..." என்று தொடங்குகிறார். கதை முடிவதற்குள் கேட்டவளுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது!

பயப்படுவது குற்றமா? இல்லை. கத்தி என்றால் யாருக்கும் பயம் வரும். ஆனால் பயத்தை மனதுக்குள் பூட்டி வைத்தால், அது ஆஸ்பத்திரிப் பக்கமே போகவிடாமல் செய்துவிடும். அதுதான் ஆபத்து.

கட்டி என்பது என்ன?

விஷயம் தெரிந்தால் பயம் பாதி குறையும். ஆகவே முதலில் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம்.

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சினைப்பைகள் உண்டு. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நீளம்தான். மாதந்தோறும் ஒரு முட்டை, சிறிய நீர்ப்பைக்குள் வளர்ந்து வெளியே வருகிறது. சில மாதம் அந்தப் பை உடையாமல் நீர் கோத்துப் பெரிதாகி விடும். அதுவே சாதாரண நீர்க்கட்டி. இது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே வற்றிவிடும். "பொறுத்திருந்து மறுபடியும் ஸ்கேன் பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்வது இதனால்தான்.

வற்றாத கட்டி, பெரிய கட்டி, வலி கொடுக்கும் கட்டி, ஸ்கேனில் சந்தேகம் தரும் கட்டி ஆகியவற்றுக்கே ஆபரேஷன் தேவைப்படுகிறது.

சில கட்டிகளுக்குள் முடி இருக்கும். பல்கூட இருக்கும்! "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று சிலர் நடுங்குகிறார்கள். செய்வினையும் இல்லை, சூனியமும் இல்லை. உடம்பின் எந்தப் பகுதியாகவும் வளரக்கூடிய சக்தி முட்டைக்கு உண்டு. அது தவறான இடத்தில் வளர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

"புற்றுநோயாக இருக்குமோ?" என்பது அடுத்த பயம். மாதவிலக்கு நிற்காத வயதில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மாதவிலக்கு நின்ற பிறகு வந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எல்லோருக்கும் செய்கிற வழக்கம் அது. அதைக் கேட்டு மிரள வேண்டாம்.

"இனி குழந்தை பிறக்காதோ?" என்பது இளம் பெண்களின் கவலை. பல சமயங்களில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையை அப்படியே விட்டுவிட முடிகிறது. ஒரு சினைப்பையையே எடுக்க நேர்ந்தாலும், நன்றாக உள்ள மற்றொன்று வேலை செய்யும். தாயாகும் வாய்ப்பு இருக்கிறது.

குதிரையில் வந்த பெண்

1809-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம். ஜேன் கிராபோர்டு என்ற தாய்க்கு வயிறு பெரிதாகிக்கொண்டே போனது. கர்ப்பம் என்று நினைத்தார்கள். மெக்டவல் என்ற டாக்டர் பார்த்தார். "சினைப்பையில் கட்டி. எடுத்துப் பார்க்கலாம். ஆனால் இதுவரை யாரும் செய்து வெற்றி கண்டதில்லை" என்று உண்மையைச் சொன்னார்.

அந்தப் பெண் சம்மதித்தார். அந்தக் கட்டியோடு 60 மைல் குதிரையில் பயணம் செய்து டாக்டர் ஊருக்கு வந்தார். மயக்க மருந்து என்பதே அப்போது கிடையாது! வயிற்றைக் கிழிக்கும்போது பைபிள் பாடல்களைச் சொல்லிக்கொண்டே வலியைத் தாங்கினார். 25 நிமிடத்தில் ஆபரேஷன் முடிந்தது. கட்டியின் எடை சுமார் 10 கிலோ! 25 நாளில் வீடு திரும்பினார். அதன் பிறகு 32 ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

இன்று அந்த வேதனை இல்லை. 1846-ல் ஈதர் மயக்க மருந்தைப் பலர் முன்னிலையில் கொடுத்துக் காட்டினார்கள். 1867-ல் லிஸ்டர் என்ற டாக்டர், புண்ணில் கிருமி சேராமல் காக்கும் முறையை உலகுக்குச் சொன்னார். இன்று பல கட்டிகளைச் சிறு துளைகள் போட்டு, கேமரா மூலம் பார்த்தே எடுத்துவிடுகிறார்கள். மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும் வரை நாடித்துடிப்பையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே பக்கத்தில் இருக்கிறார்.

எந்த ஆபரேஷனிலும் ஓரளவு ஆபத்து உண்டு. இல்லை என்று சொல்வது பொய். ஆனால் தள்ளிப் போடுவதிலும் ஆபத்து உண்டு. கட்டியின் கனத்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும். திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும். அப்போது நல்ல நேரம் பார்க்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

மனதில் இருக்கும் கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். "துளை போட்டா, வயிற்றைத் திறந்தா? எத்தனை நாள் படுக்கை? எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள்?" கூச்சப்படாமல் கேளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீர்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதையும் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் அவரிடம் வழி உண்டு.

ஆபரேஷனுக்கு முன்பு சாப்பிடாதே என்றால் சாப்பிடாதீர்கள். "ஒரு வாய் காபிதானே" என்று குடித்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

இரவில் படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக இழுங்கள். இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்யுங்கள். நெஞ்சுத் துடிப்பு அடங்கும். கோனியம்மனை நம்புகிறவர்கள் வேண்டிக் கொள்ளுங்கள். தொழுகிறவர்கள் தொழுங்கள். ஜெபிக்கிறவர்கள் ஜெபியுங்கள். வேண்டுதலை முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

கையெழுத்து யாருடையது?

ஆபரேஷனுக்கு முன்பு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து கேட்பார்கள். படிக்காமல் போடாதீர்கள். படிக்கத் தெரியாதவர்கள், தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

1995-ல் டில்லியில் ஒரு பெண்மணி, வயிற்றைப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்தார். வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2008-ல் தீர்ப்பு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவளே சம்மதம் தர வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு அது அன்றைய பத்தாவது ஆபரேஷன். அந்தப் பெண்ணுக்கோ வாழ்க்கையில் முதல் ஆபரேஷன். பத்து நிமிடம் உட்கார்ந்து, அவளுக்குப் புரிகிற தமிழில் பேசுங்கள். மெக்டவல் அன்று உண்மையைச் சொன்னதால்தான் அந்தத் தாய்க்குத் துணிச்சல் வந்தது.

கணவன்மார்களே! "ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று அவள் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வாரச் சமையலையும் தண்ணீர்க் குடத்தையும் உங்கள் பொறுப்பில் எடுத்துக் கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தலை வாரப் பழகுங்கள்.

அடுப்படியில் நின்று அவள் கேட்ட கேள்விக்கு வீட்டிலேயே பதில் கிடைத்துவிட்டால், பாதி பாரம் இறங்கிவிடும். மீதியை டாக்டர் பார்த்துக் கொள்வார்.